ஏரி, குப்பை, தூய்மைப் பணியாளர் என்று பேசி ஓட்டுக் கேட்கும் வேட்பாளரை எப்படி எடைபோடுவது?

நீங்கள் கேட்டது இது. புறநகர் மாநகராட்சி ஒன்றில் உங்கள் வார்டில் ஓர் இளம்பெண் அடுத்த தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறார். அவருடைய துண்டறிக்கையில் நான்கு வாக்குறுதிகள் இருக்கின்றன: ஏரியை மீட்பேன், குப்பை கொட்டும் இடத்தை அகற்றுவேன், தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்குவேன், கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்காத வார்டாக ஆக்குவேன். "ஒரு கவுன்சிலரால் இதெல்லாம் ஆகிற காரியமா, இல்லை நல்ல வார்த்தை பேசி ஓட்டு வாங்குகிற வேலையா? இவருக்குப் போட்டால் ஓட்டு வீண்தானே?" என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டம் எதைக் கொடுத்திருக்கிறது என்பது ஒன்று. கொடுத்ததைத் தனி ஆளாக ஓர் உறுப்பினர் எவ்வளவு தூரம் பயன்படுத்த முடியும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு, பேரூராட்சியிலும் நகராட்சியிலும் வேலை பார்த்து, மன்றக் கூட்டங்களுக்கு அஜெண்டா தயாரித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். அது எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று பன்னிரண்டாவது அட்டவணையைச் சேர்த்தது. அதில் 18 பொருள்கள். குடிநீர், பொதுச் சுகாதாரமும் திடக்கழிவும், குடிசைப் பகுதி மேம்பாடு, சுடுகாடு இடுகாடு எல்லாம் அதில் உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு தனியாக ஒன்று, நலிந்த பிரிவினரின் நலன் தனியாக ஒன்று என்று இரண்டும் அடுத்தடுத்தே இருக்கின்றன. ஆகவே "கவுன்சிலருக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்பவர்களுக்கு அரசியலமைப்பே பதில் வைத்திருக்கிறது. ஆனால் இந்த 18இல் எவற்றை, எந்த அளவுக்கு உள்ளாட்சிகளிடம் ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டில் பொறுப்புகள் பல துறைகளுக்குச் சிதறிக் கிடக்கின்றன. வாக்குறுதிகள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. 100 ஏக்கருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலப்பரப்பு) உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. நிலம் புறம்போக்கு என்பதால் பட்டா, அளவை எல்லாம் வருவாய்த் துறை பார்க்க வேண்டியது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதைச் செயல்படுத்துவோரும் அதிகாரிகளே. ஆலைக்கழிவு கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் போக வேண்டும். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, அதைக் காக்கும் பொறுப்பு வனத்துறைக்கு. ஆக, உங்கள் வேட்பாளர் "ஏரியை மீட்பேன்" என்று மொட்டையாகச் சொன்னால், அவர் கையில் இல்லாததைச் சொல்கிறார்.

அதே ஏரிக்குள் சாக்கடை எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் மழைநீர் வடிகால் வழியாகத்தான் வருகிறது. வீடுகளும் ஓட்டல்களும் அடுக்குமாடிகளும் கழிவுநீரைக் கள்ளத்தனமாக அந்த வடிகாலில் சேர்த்துவிடுகின்றன. தெருக்களின் மழைநீர் வடிகால் பெரும்பாலும் மாநகராட்சியின் சொத்து. எந்தத் தெருவில் எத்தனை கள்ள இணைப்பு என்று கணக்கெடுக்கச் சொல்லவும், அடைக்கச் சொல்லவும், அதைச் செய்த விவரத்தைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லவும் ஓர் உறுப்பினருக்கு முழு உரிமை உண்டு. "ஏரிக்குச் சாக்கடை வரும் வாய்க்கால்களை அடைப்பேன்" என்றால் அது செய்யக்கூடிய வாக்குறுதி. அதைச் சொல்லத் தெரிந்தவர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

குப்பையும் தூய்மைப் பணியும் அப்படியல்ல. மாநகராட்சி மன்றத்தின் கை ஓங்கியிருக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குப்பை அள்ளுவது யார், எந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம், எத்தனை ஆண்டுக்கு, எடைக்குப் பணமா வீட்டுக்கணக்குக்குப் பணமா, அள்ளியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதெல்லாம் மன்றத்தின் முன் தீர்மானமாக வந்தாக வேண்டியவை. ஆனால் வருகிற விதம் வேறு. ஒரு கூட்டத்துக்கு ஐம்பது, நூறு பொருள்கள் இருக்கும். அஜெண்டா உறுப்பினர் வீட்டுக்குக் கடைசி நேரத்தில் போய்ச் சேரும். கூட்டத்தில் இரங்கல், பாராட்டு, இரண்டு கட்சிக்காரர்களின் வாக்குவாதம் முடிந்ததும், "அனைத்துப் பொருள்களும் நிறைவேற்றப்பட்டன" என்று மேசை தட்டி எழுந்துவிடுவார்கள். அஜெண்டா தயாரிக்கும் பக்கத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: அதைக் கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டு வரும் ஒரே ஓர் உறுப்பினர் மன்றத்தில் இருந்தால் போதும், அலுவலகம் எழுதும் குறிப்பின் தரமே மாறிவிடும். கேள்வி வரும் என்று தெரிந்தால் கணக்கைச் சரியாகப் போடுவோம். இதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

அப்படி வாசிப்பவருக்குக் கேட்க என்ன இருக்கிறது? 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னதைப் பாருங்கள், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது: ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினாலோ குறைத்துக் கொடுத்தாலோ, முதன்மை வேலையளிப்பவர் அதைக் கொடுத்துவிட்டு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். இங்கே முதன்மை வேலையளிப்பவர் மாநகராட்சி. ஆக, பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணம் பிடித்தார்களா, பிடித்ததைக் கட்டினார்களா, பில் பாஸ் ஆவதற்கு முன் சலான் வாங்கிப் பார்த்தீர்களா என்று கேட்பது ஓர் உறுப்பினரின் நேரடி வேலை. கையுறையும் பூட்ஸும் வாங்கியதாகக் கணக்கிருக்கிறதே, எந்த வார்டில் யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்கலாம். இதற்குப் பெரும்பான்மை பலம் வேண்டாம். தாளும் பேனாவும் பொறுமையும் போதும். "அனைவரையும் நிரந்தரமாக்குவேன்" என்பது வேறு சங்கதி. பணியிடங்களை உருவாக்க மாநில அரசின் அனுமதி வேண்டும், நிதி வேண்டும், ஒரு வார்டு உறுப்பினரின் கையெழுத்தில் அது நடக்காது. நிரந்தரப் பணி கோரும் போராட்டத்துக்குத் துணை நிற்பேன் என்று அவர் சொன்னால் நேர்மை. வாங்கித் தருவேன் என்றால் மிகை.

2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் போனதை எதிர்த்து, பெரும்பாலும் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். கூலி குறைந்துவிடும் என்பது அவர்களின் முதல் அச்சம். உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அகற்றினார்கள். வாசலில் நடந்ததைத்தான் தொலைக்காட்சி காட்டியது. ஆனால் அந்த முடிவு கட்டடத்துக்குள் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. ஓர் ஊர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது சூழல் கோரிக்கை. அதைச் சுத்தம் செய்பவரின் கூலி குறையக் கூடாது என்பது நீதிக் கோரிக்கை. உள்ளாட்சியில் இரண்டும் ஒரே தீர்மானத்தின் இரண்டு பத்திகளாகத்தான் வரும். உங்கள் வேட்பாளர் இரண்டையும் சேர்த்துப் பேசுவதே எனக்கு அவர்மேல் மரியாதையைக் கொடுக்கிறது.

குப்பைக் கிடங்கு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். "எங்கள் வார்டிலிருந்து அகற்றுவேன்" என்பவரிடம், எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். சென்னையின் குப்பை எத்தனையோ பத்தாண்டுகளாக வடக்கே கொடுங்கையூருக்கும் தெற்கே பெருங்குடிச் சதுப்புக்கும்தான் போனது. ஊர் மொத்தமும் தின்று எறிந்ததன் நாற்றத்தைச் சுவாசித்தவர்கள் உழைப்பாளிகள் வாழும் பகுதியினர். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பதை எல்லாருக்கும் கடமையாக்கின. மக்கும் குப்பையை வார்டுக்குள்ளேயே உரமாக்கினால் கிடங்குக்குப் போகும் லாரிகள் பாதிக்குமேல் குறையும், ஏனென்றால் நம் வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி ஈரக் குப்பை. ஆனால் அந்த நுண் உர மையத்தை எந்தத் தெருவில் வைப்பது என்ற கேள்வி வந்ததும் எல்லாரும் பின்வாங்குவார்கள். கடைசியில் அது எதிர்த்துப் பேச முடியாதவர்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் போய் உட்காரும். "என் வார்டின் உர மையம் வசதியானவர்கள் வாழும் பகுதியிலும் வரும்" என்று சொல்லத் துணிகிற வேட்பாளரை நான் நம்புவேன்.

கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே சட்டத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ தொட்டியிலோ இறக்குவதைக் குற்றமாக்கிவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பெருநகர சென்னையில் பாதாளச் சாக்கடை மாநகராட்சியிடம் இல்லை, குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. மற்ற ஊர்களில் பெரும்பாலும் உள்ளாட்சியிடம். சாவுகள் அதிகம் நடப்பது தனியார் வீடுகளிலும் ஓட்டல்களிலும் அடுக்குமாடிகளிலும். உறுப்பினர் செய்யக்கூடியது, லாரி வைத்திருப்போருக்கு உரிமம் உண்டா என்று பார்க்கச் சொல்வதும், குடியிருப்போர் சங்கங்களிடம் நேரில் போய்ப் பேசுவதும். ஒரு வார்டு அளவில் இது உண்மையாகவே முடியும்.

இனி, துண்டறிக்கையில் இல்லாத ஒன்று. ஏரியும் ஆறும் மீட்கப்படும்போது கரையில் குடியிருப்பவர்கள் என்ன ஆவார்கள்? 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பல்லாயிரம் பேரை அப்புறப்படுத்திப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் கொண்டுபோனார்கள். வீட்டுவேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் வேலைக்கு வெகுதூரத்தில் மாடிக் கட்டடங்களுக்குப் போனார்கள். பிள்ளைகள் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். இன்னொன்றையும் கவனியுங்கள்: பெரும்பாக்கமே பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய தாழ்வான இடம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளம் வரும் இடத்துக்கே அனுப்பினார்கள். அதே சதுப்பையும் ஏரிகளையும் தின்று எழுந்த அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் அப்படியே நிற்கின்றன. நீர்நிலை ஆக்கிரமிப்பு என்றதும் குடிசையை மட்டும் காட்டுகிற சூழல் பேச்சை நான் ஏற்பதில்லை. உங்கள் வேட்பாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேளுங்கள். "இரண்டுக்கும் ஒரே அளவுகோல், மாற்று வீடு ஐந்து கிலோமீட்டருக்குள், பள்ளி ஆண்டின் நடுவில் இடிப்பு கூடாது" என்பது போலத் திட்டமாக ஏதாவது சொல்கிறாரா என்று பாருங்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமும் நீதிமன்றமும் முடிவெடுக்கும் விஷயத்தில் கவுன்சிலரின் சொல் எவ்வளவு எடுபடும் என்பது சந்தேகத்துக்குரியதுதான். ஆனால் கணக்கெடுப்பு நடக்கும் நாளில் யார் பெயர் விடுபடுகிறது என்று கூட நின்று பார்க்க அவரால் முடியும்.

கிராம ஊராட்சிகளின் நிலை வேறு. அங்கே கட்சிச் சின்னம் கிடையாது, ஊராட்சித் தலைவரே செயல் அதிகாரம் உள்ளவர், கிராம சபை என்ற நேரடி மன்றமும் உண்டு. கிராம சபைத் தீர்மானத்துக்கு எவ்வளவு வலு என்று கேட்டால், மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்தையும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரந்தூரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். அரிட்டாபட்டியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து 2024 நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அம்மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. திட்டம் கைவிடப்படவில்லை, நிலமெடுப்புப் பணிகள் நகர்ந்தன. தீர்மானம் ஒன்றுதான், முடிவு இரண்டு. அரிட்டாபட்டியில் ஊரும் எல்லாக் கட்சிகளும் மாநில அரசும் ஒரே பக்கம் நின்றன என்பது நான் காணும் வேறுபாடு. கிராம சபைத் தீர்மானம் தனியாக எதையும் நிறுத்துவதில்லை என்றே அனுபவம் சொல்கிறது. ஆனால் அது இல்லாமல் அந்தப் போராட்டம் ஊரின் போராட்டமாக ஆகியிருக்காது.

அதே மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியின் தலைவராக வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடக்க 2006 வரை ஆனது. 2020இல்கூட ஒரு பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த செய்தி கடலூர் மாவட்டத்திலிருந்து வந்தது. உள்ளாட்சியில் சமூக நீதி பேசும் வேட்பாளர்கள் நிற்கும் தரை இது. பட்டியல் சாதி வேட்பாளருக்கு இது சில ஊர்களில் இன்னும் உயிர்ப் பிரச்சினை. "உள்ளூர்த் தேர்தல்தானே" என்று சொல்பவர்களிடம் எனக்கு வருத்தம் வருவது இதனால்தான்.

ஓர் ஊராட்சி உண்மையிலேயே பெரிய நிறுவனத்தை எதிர்த்து நின்ற கதை வேண்டுமென்றால் நம் எல்லைக்கு அந்தப் பக்கம், பாலக்காட்டின் பெருமாட்டி பஞ்சாயத்தைப் பாருங்கள். பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய கோக்கோ கோலா ஆலையால் கிணற்று நீர் கெட்டதென்று மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் போராடினார்கள். உரிமம் கொடுத்த அதே பஞ்சாயத்து 2003 ஏப்ரலில் அதைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்றார் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி. 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. ஆனால் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மறுபடி ஓடவேயில்லை. கேரளத்தில் உள்ளாட்சிகளுக்கு நிதியும் அதிகாரமும் கூடுதல் என்பதால் இதை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது.

உங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். யாரும் தொடாமல் கிடக்கும் சில கருவிகள் இருக்கின்றன. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். பல இடங்களில் அது பெயருக்கு இருக்கும் கோப்பு. ஒரு குளத்தில் வரும் பறவைகளும் அதில் மீன் பிடிப்பவர்களும் முறையாகப் பதிவானால், நாளை அந்தக் குளத்துக்காக வழக்காடும்போது அது சான்றாகக் கைகொடுக்கும். நகரங்களுக்கு 2022இல் வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் விதிகளோடு வந்தன, முதல் பகுதி சபைகள் அவ்வாண்டு நவம்பர் 1 அன்று கூடின. வார்டு குழுவின் தலைவர் உங்கள் கவுன்சிலர்தான். அதை உருப்படியாகக் கூட்டுவதும், வெறும் கையெழுத்து வாங்கி முடிப்பதும் அவர் கையில் இருக்கிறது.

ஓட்டு வீணாகுமா என்பதற்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் பெருநகர சென்னையின் 200 வார்டுகளில் தி.மு.க. 153 இடங்களில் வென்றது. சுயேச்சைகளுக்கு 5. பேரூராட்சிகளில் சுயேச்சைகள் வெல்வது இன்னும் சாதாரணம். மாநகராட்சியில் கடினம், அதை மறைக்க வேண்டியதில்லை. வென்ற பிறகும் சிக்கல் இருக்கிறது. மேயரைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள், ஆளும் தரப்போடு இணக்கமாக இல்லாத வார்டுக்கு வேலைகள் மெதுவாக வரும். அதைச் சொல்லியே வென்ற சுயேச்சைகள் பலர் ஆளுங்கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மட்டுமே. உங்கள் வேட்பாளர் சேரமாட்டார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மதிப்பூதியத்தையும் யோசியுங்கள். 2023இல்தான் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வந்தது. சொந்த வருமானமோ கட்சிப் பலமோ இல்லாதவர் ஐந்தாண்டு நேர்மையாகத் தாக்குப்பிடிப்பது எளிதல்ல. சாதாரணக் குடும்பத்துப் பெண் என்றால் வார்டு மக்களும் தோள் கொடுத்தாக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, மன்றத்தில் உறுப்பினரே இல்லாத நிலை எப்படி இருந்தது என்றும் நாம் பார்த்திருக்கிறோம். 2016 அக்டோபர் முதல் 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களைத் தனி அலுவலர்களே நடத்தினார்கள். ஐந்தாண்டுக்கு மேல் குப்பை ஒப்பந்தம், வரி, எல்லாம் கேள்வி கேட்க ஆளின்றிக் கையெழுத்தாயின. கேள்வி கேட்கும் ஒருவர் உள்ளே இருப்பதன் மதிப்பு எனக்கு அப்போது நன்றாகவே புரிந்தது. தோற்கப்போகிற வேட்பாளராக இருந்தாலும், அவர் கணிசமான ஓட்டு வாங்கினால் அடுத்த தேர்தலில் மற்றக் கட்சிகளின் அறிக்கையில் ஏரி வாய்க்காலும் தூய்மைப் பணியாளர் கூலியும் இடம்பிடிக்கும் என்பது என் கணிப்பு. கணிப்புதான், உறுதி அல்ல.

அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது உட்காரவைத்து இவற்றைக் கேளுங்கள். நம் வார்டில் குப்பை அள்ளும் ஒப்பந்தம் யாரிடம், எப்போது முடிகிறது? அந்தப் பணியாளர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? ஏரிக்குள் சாக்கடை எந்தத் தெரு வடிகால் வழியாக வருகிறது? உர மையத்துக்கு நீங்கள் சொல்லும் இடம் எது? ஏரிக்கரை வீடுகளை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தால் அன்று காலை நீங்கள் எங்கே இருப்பீர்கள்? இவற்றில் மூன்றுக்காவது இடத்தின் பெயரும் ஆளின் பெயரும் சொல்லிப் பதில் தந்தால், உங்கள் இடத்தில் இருந்தால் நான் அவருக்குத்தான் போடுவேன். பதில் தெரியாமல், "விசாரித்துச் சொல்கிறேன்" என்று போய் ஒரு வாரத்தில் திரும்பி வந்து சொன்னாலும் போடுவேன்.